அப்பாவுக்கு ஒரு காலிப் பேரேடு

பெங்களூரிலிருந்து புதுச்சேரி போகும் பஸ்ஸில் வருகிறவர்களுக்குத் தெரியும். திருவண்ணாமலையைத் தாண்டி, கீழ்ப்பென்னாத்தூர் கடந்து, செஞ்சி நெருங்கும்போது ஒருபக்கம் ராஜகிரி, மறுபக்கம் கிருஷ்ணகிரி என்று கோட்டை மலைகள் எழுந்து நிற்கும். பாறை உருண்டைகளை யாரோ அள்ளிக் கொட்டி வைத்தது போல இருக்கும். கண்டக்டர் குரல் கொடுப்பதற்கு முன்பே செஞ்சிக்காரர்கள் பையை எடுத்து மடியில் வைத்துக்கொள்வார்கள்.

அந்த மகளும் அப்படித்தான் வருவாள். பெங்களூரில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் நிறுவனத்தில் வேலை. பஸ் நிலையத்தில் அப்பா டிவிஎஸ் 50ஐ ஓரமாக நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். பையை வாங்கிக்கொள்வார். "சாப்பிட்டியா?" என்பார். வீடு வரும்வரை வேறு பேச்சு இருக்காது.

அப்பா நாற்பது வருடம் நெல் மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். செஞ்சி பக்கத்து நெல்லுக்கு நல்ல பேர் உண்டு. அறுவடைக் காலத்தில் இங்குள்ள ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் மூட்டைகள் மலைபோல் குவியும். அந்த மூட்டைகளைத் தனியார் வியாபாரிகள் வாங்கித் தங்கள் குடோன்களில் அடுக்குவார்கள். எந்தக் குடோனில் எந்த ரகம் எத்தனை மூட்டை, எது யாருக்குப் போக வேண்டியது என்பதெல்லாம் அப்பாவின் நாள்வழியிலும் பேரேட்டிலும் இருக்கும். ஒரு மூட்டை குறைந்தால் அன்று ராத்திரி அவருக்குத் தூக்கம் வராது.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு குறை இருந்தது. "உங்க பொண்ணு என்ன வேலை பாக்குது?" என்று யாராவது கேட்டால், "கம்ப்யூட்டர்ல" என்பதற்கு மேல் அவரால் ஒரு வார்த்தை சொல்ல முடியாது. கணக்கு தெரிந்தவருக்குத் தன் மகளின் கணக்கு தெரியவில்லை.

2018ல் அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா தனியானார். "பெங்களூர் வந்துடுங்கப்பா" என்று மகள் கூப்பிட்டாள். அந்த வருடமே ஒருமுறை வந்தார். பத்தொன்பதாம் நாள் கிளம்பிவிட்டார். அடுத்த வருடம் மறுபடி வந்தார். இந்தமுறை பதினொரே நாள்.

காரணம் கேட்டால் சொல்ல மாட்டார். "ஊர்ல வேலை இருக்கும்மா" என்பார். ஓய்வுபெற்றவருக்கு ஊரில் என்ன வேலை என்று மருமகனுக்குப் புரியவில்லை. மகளுக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. நல்ல அறை, நல்ல கட்டில், டிவி, பேரன் என எல்லாம் இருக்கிறதே, பிறகென்ன?

கொரோனா வந்தபோது கதை திரும்பியது. அப்பா பெங்களூர் போகவில்லை, பெங்களூர் செஞ்சிக்கு வந்தது. மகள், மருமகன், பேரன் மூவரும் லேப்டாப்புகளோடு வந்து இறங்கினார்கள். பேரனுக்குத் திண்ணையில் ஆன்லைன் வகுப்பு. மகளுக்கு நடு அறையில், அம்மாவின் தையல் மெஷின் இருந்த மேசையில் ஆபீஸ். ராத்திரி பதினொரு மணிக்கு அமெரிக்காவோடு பேச்சு. பேச்சு முடிகிறவரை அப்பா தூங்க மாட்டார். பாலைச் சுட வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

2021ல் ஒரு ராத்திரி, மகள் லேப்டாப்பை மூடாமலே அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"என்னாம்மா ஆச்சு?"

"ஒரு மெஷின் விழுந்துட்டே இருக்குப்பா. ஓடுற மெஷின்ல புதுசா மெமரி சேர்க்கணும். சேர்க்கப் போனா படுத்துடுது. மூணு வாரமா இதேதான்."

அப்பா பால் டம்ளரை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். "எனக்குப் புரியற மாதிரி சொல்லு" என்றார். நாற்பது வருடம் கணக்கு எழுதியவரின் குரல் அது. மகளுக்கு முதலில் எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று படுத்துவிட்டாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பேரன் கோட்டைக்குப் போக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தான். ராஜகிரி ஏறக்குறைய எண்ணூறு அடி. மேலே ஏறிப் பிளவுப் பாலத்தைத் தாண்ட அப்பாவின் முழங்கால் ஒத்துழைக்காது. மருமகனும் பேரனும் மேலே ஏற, அப்பாவும் மகளும் அடிவாரத்தில் கல்யாண மகாலைத் தாண்டி நெற்களஞ்சியத்தின் நிழலில் உட்கார்ந்தார்கள். தடித்த சுவர், உள்ளே ஆள் குரல் எதிரொலிக்கும் கூடம். அப்பா வழக்கம்போலச் சுவரை அண்ணாந்து பார்த்து, "எத்தனை மூட்டை புடிக்கும்னு நினைக்கிற?" என்றார். எப்போது வந்தாலும் கேட்கும் கேள்வி.

அப்போதுதான் மகளுக்கு வழி பிடிபட்டது.

"அப்பா, இந்தக் கோட்டையில எத்தனை மலை?"

"மூணு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி. மூணையும் சேர்த்து ஒரே மதில்."

"ஒவ்வொரு மலையிலயும் தனியா ஒரு படை இருக்குன்னு வைங்க. ஒவ்வொரு மலைக்கும் தனியா ஒரு களஞ்சியம். ராஜகிரிப் படைக்கு அரிசி வேணும்னா எங்க போவாங்க?"

"ராஜகிரிக் களஞ்சியத்துக்குத்தான். அங்க இல்லாட்டி கிருஷ்ணகிரிக்கு ஆள் அனுப்பணும். இறங்கி ஏறி வரணுமே, நேரம் ஆகும்."

"என் மெஷினும் அதேதான்."

பெரிய சர்வர்கள் அப்படித்தான் கட்டப்படுகின்றன. நம் கைபேசியில் ஒரு பிராசஸர், அதற்கு ஒரு மெமரி. ஆனால் வங்கிகளும் ரயில்வேயும் பயன்படுத்துகிற மாதிரியான பெரிய இயந்திரங்களில் இரண்டு, நான்கு, எட்டு என்று பிராசஸர்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே அதற்கான மெமரி இருக்கும். இந்தக் கூட்டுக்கு 'நோடு' என்று பெயர். ஒரு நோடு ஒரு மலை. தன் மலையின் மெமரியைச் சீக்கிரம் எடுக்கலாம். அடுத்த மலையின் மெமரியையும் எடுக்கலாம், ஆனால் நேரம் கூடும். இந்தத் தூரத்தைக்கூட இயந்திரம் எண்ணாக எழுதி வைத்திருக்கும். தன் நோடு என்றால் தூரம் 10. பக்கத்து நோடு என்றால் பெரும்பாலும் 20 அல்லது அதற்கு மேல்.

இந்த மலைகளையும் களஞ்சியங்களையும் மேற்பார்க்கும் கணக்குப்பிள்ளைதான் கெர்னல். ஆபரேட்டிங் சிஸ்டத்தின் உள்மையம் அது. நாம் தட்டுகிற ஆப் எதுவாக இருந்தாலும் மெமரி வேண்டுமென்றால் கெர்னலிடம்தான் கேட்டு வாங்க வேண்டும். 1991ல் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் கெர்னல்தான் இன்று உலகின் பெரும்பாலான சர்வர்களில் ஓடுகிறது. ஆண்ட்ராய்டு போன்களின் அடியில் இருப்பதும் அதுவே.

"சரி, புதுசா மெமரி சேர்க்கறதுன்னா?" என்றார் அப்பா.

"மெஷினை நிறுத்தாம சேர்க்கணும். பரீட்சை ரிசல்ட் வர்ற நாள்ல லட்சக்கணக்கான பேர் ஒரே நேரத்துல பார்ப்பாங்க இல்ல? அப்ப மெமரி பத்தாது. நிறுத்திட்டுச் சேர்க்க முடியாது. ஓடும்போதே சேர்க்கணும்."

"அறுவடை நேரத்துல குடோன் நிரம்பிடுச்சுன்னா வெளியில ஒரு குடோன் வாடகைக்குப் பிடிப்போம். மண்டியை மூடிட்டா புடிப்போம்?"

"அதேதான்ப்பா."

சொருகிய மெமரி உடனே பயனுக்கு வந்துவிடாது. கெர்னல் மெமரியைச் சின்னச் சின்னப் பக்கங்களாகப் பிரித்துத்தான் கணக்கு வைக்கிறது. சாதாரண சர்வர்களில் ஒரு பக்கம் 4 கிலோபைட். ஒவ்வொரு பக்கத்துக்கும் 64 பைட்டில் ஒரு சீட்டு உண்டு. இந்தப் பக்கம் யாரிடம் இருக்கிறது, காலியா, எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். 128 மெகாபைட் மெமரி சேர்த்தால் 32,768 பக்கங்கள். அத்தனைக்கும் சீட்டு எழுத 2 மெகாபைட் வேண்டும். 64 கிகாபைட் சேர்த்தால் சீட்டுக்கு மட்டுமே ஒரு முழு கிகாபைட் போய்விடும்.

அப்பா சிரித்தார். "கணக்கு நோட்டு வைக்கவே ஒரு குடோன் வேணும்னு முதலாளி என்னைத் திட்டுவாரு."

அதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. மெமரி பற்றாமல்தான் புது மெமரி சேர்க்கிறோம். அதற்குச் சீட்டு எழுத, ஏற்கெனவே பற்றாமல் இருக்கிற பழைய மெமரியிலேயே இடம் தேட வேண்டும். பல வருடம் அப்படித்தான் நடந்தது. புதுக் குடோனின் சீட்டுகளைப் புதுக் குடோனிலேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்ளும் வசதி லினக்ஸுக்கு 2021ல்தான் வந்தது.

"அப்ப உன் மெஷின் ஏன் விழுது?"

சீட்டு ஒவ்வொரு பக்கத்துக்கும் உரியது. அதற்கு மேலே ஒவ்வொரு நோடுக்கும் ஒரு பேரேடு உண்டு. இந்த மலையில் எவ்வளவு மெமரி, எவ்வளவு காலி, இங்கே இல்லையென்றால் அடுத்து எந்த மலையில் கேட்பது, அதற்கடுத்து எது என்ற வரிசையெல்லாம் அதில்தான் இருக்கும். ஏற்கெனவே இருக்கிற மலையின் களஞ்சியத்தில் கூடுதல் மூட்டை அடுக்குவது சுலபம். பேரேடு இருக்கிறது, வரவு எழுதினால் போதும். ஆனால் வருவது ஒரு புது மலையாகவே இருந்தால், பேரேட்டையே புதிதாகத் தொடங்க வேண்டும்.

ஓடுகிற லினக்ஸில் புது நோடையே சேர்க்கும் வேலையை 2006 வாக்கில் ஜப்பானின் ஃபுஜிட்சு நிறுவனப் பொறியாளர்கள் முன்னெடுத்தார்கள். அவர்கள் வகுத்த முறை, புது நோடில் மெமரி வந்து சேரும்போது பேரேடு போடுவது. வராத மலைக்கு எதற்குப் பேரேடு? நியாயமாகத்தான் தெரிந்தது. பல வருடம் பெரிய தொந்தரவு இல்லாமல் ஓடவும் செய்தது.

பிறகு மேகக் கணினி வந்தது. ஒரு பெரிய இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் இயந்திரங்கள். தேவைக்கேற்ப அவற்றில் பிராசஸரையும் மெமரியையும் கூட்டுவதும் குறைப்பதும் தினசரி வேலையானது. அப்போது ஒரு புது நிலைமை வந்தது. புது மலைக்கு மெமரி வருவதற்கு முன்பே பிராசஸர் வந்து நின்றது.

"களஞ்சியம் கட்டறதுக்கு முன்னாடியே சந்திரகிரிக்குப் படையை அனுப்பிட்ட மாதிரி" என்றாள் மகள். "அந்தப் படைக்காரன், 'நான் சந்திரகிரி ஆளு, என் மலைக் கணக்குல அரிசி குடு'ன்னு கேக்கறான். கணக்குப்பிள்ளை சந்திரகிரிப் பேரேட்டை எடுக்கக் கை நீட்டறான். அலமாரியில அந்த இடத்துல ஒண்ணுமே இல்ல. இல்லாத பேரேட்டைப் பிரிக்கப் போறான். அங்கேயே மெஷின் விழுந்துடுது."

அப்பா வெகுநேரம் பேசவில்லை. களஞ்சியச் சுவரில் ஒரு அணில் ஏறி இறங்கியது. பிறகு, இதில் என்ன கஷ்டம் என்பது போலக் கேட்டார்.

"ஏம்மா, மூட்டை வர்றதுக்கு முன்னாடியே பேரேடு போட மாட்டீங்களா?"

"மூட்டையே இல்லாம எதுக்குப்பா?"

"சீசன் ஆரம்பத்துலயே, இந்த வருஷம் எந்தெந்தக் குடோன் புடிக்க வேண்டி வரும்னு தெரியும். அத்தனைக்கும் முதல் நாளே பேரேடு போட்டுடுவேன். முதல் பக்கத்துல 'இருப்பு: இல்லை'ன்னு எழுதிடுவேன். பக்கத்து குடோன் எதுன்னும் குறிச்சிடுவேன். எவனாவது லாரியோட வந்து நின்னா, பையன் பேரேட்டைப் பிரிச்சுப் பார்ப்பான். இங்க இருப்பு இல்ல, அந்தக் குடோனுக்குப் போன்னு அனுப்பிடுவான். பேரேடே இல்லன்னா பையன் என்ன பண்ணுவான்? முழிப்பான்."

மகள் அப்பாவைப் பார்த்தாள். மூன்று வாரமாக அவள் குழு வேறு வழியில் போய்க்கொண்டிருந்தது. கணக்குப்பிள்ளை கை நீட்டுகிற ஒவ்வொரு இடமாகத் தேடி, அங்கெல்லாம் 'பேரேடு இருக்கிறதா?' என்று ஒரு கேள்வியைச் சொருகிக்கொண்டிருந்தார்கள். ஒரு இடத்தை அடைத்தால் இன்னொரு இடத்தில் விழுந்தது. கெர்னலில் அப்படிக் கை நீட்டுகிற இடங்கள் எத்தனையோ.

இது அந்த ஒரு நிறுவனத்தின் பிரச்னை மட்டும் அல்ல. உலகின் பல மூலைகளிலும் இதே காரணத்தால் இயந்திரங்கள் விழுந்துகொண்டிருந்தன. அங்கேயும் பொறியாளர்கள் ஒட்டுப்போடுவதா, வேரோடு சரிசெய்வதா என்று மாதக்கணக்கில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில், சூசே நிறுவனத்தின் மிக்கால் ஹோக்கோ எழுதிய மாற்றம் லினக்ஸ் 5.18ல் சேர்ந்தது. அந்தப் பதிப்பு வெளியானது 2022 மே மாதம். அந்த மாற்றத்தின் சாரம் களஞ்சியத்து நிழலில் அப்பா சொன்னதேதான். இயந்திரம் தொடங்கும்போதே, பின்னாளில் எந்தெந்த நோடுகள் வரக்கூடும் என்ற பட்டியல் கெர்னலுக்குக் கிடைத்துவிடுகிறது. அந்தப் பட்டியலில் உள்ள எல்லா நோடுக்கும், மெமரி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அப்போதே ஒரு பேரேடு. இல்லாத நோடின் பேரேட்டில் இருப்பு பூஜ்யம். அடுத்து எங்கே கேட்பது என்ற வரிசை மட்டும் நிரப்பப்பட்டிருக்கும். யார் வந்து கேட்டாலும் இயந்திரம் விழாது. பக்கத்து மலையைக் கை காட்டும்.

வீண் செலவு இல்லையா என்ற கேள்வி எழாமல் இல்லை. வராமலே போகக்கூடிய நோடுக்கும் இடம் ஒதுக்குகிறோமே? கணக்குப் பார்த்தால், வழக்கமான சர்வரில் ஒரு காலிப் பேரேடு நூற்றுச் சொச்சம் கிலோபைட். வாட்ஸ்அப்பில் வருகிற காலை வணக்கப் படம் ஒன்றின் அளவு. நூற்றுக்கணக்கான கிகாபைட் இருக்கிற இயந்திரத்தில் அது ஒரு செலவே இல்லை. விழுந்த இயந்திரத்தைத் தூக்கி நிறுத்துகிற செலவோடு ஒப்பிட்டால் சுத்தமாக இல்லை.

மாற்றத்தை எழுதியது மகள் அல்ல. ஆனால் தன் இயந்திரத்தில் அதைப் போட்டுப் பார்த்து, பிராசஸரைச் சேர்த்து, மெமரியைச் சேர்த்து, விழாமல் நிற்பதைப் பார்த்தது அவள்தான். அன்று ராத்திரி அப்பாவுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, நீங்க சொன்ன மாதிரியே பேரேடு போட்டுட்டாங்க."

"பின்ன?" என்றார் அப்பா. "அதானே முறை."

போன் போட வேண்டியிருந்ததற்குக் காரணம், அவள் அப்போது பெங்களூருக்குத் திரும்பியிருந்தாள். 2022ல் ஆபீஸ் திறந்தது, பேரனின் பள்ளியும் திறந்தது. லேப்டாப்புகள் கிளம்பின. அம்மாவின் தையல் மெஷின் மறுபடி அதன் மேசைக்கு வந்தது. கிளம்புகிற அன்று, "இந்தமுறை எங்களோடயே வந்துடுங்கப்பா" என்றாள். அப்பா தலையை ஆட்டவில்லை. மறுக்கவும் இல்லை. பஸ் நகரும்வரை டிவிஎஸ் 50 பக்கத்தில் நின்றிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு மகளை விடவில்லை. காலி அறையைத் தாண்டும்போதெல்லாம் அது வந்தது. அப்பா ஏன் இரண்டுமுறையும் திரும்பிப் போனார்?

ஒருநாள் அடுக்குமாடி வாசலில், யாரோ ஒரு பெரியவரை வாட்ச்மேன் நிறுத்தி வைத்திருப்பதைப் பார்த்தாள். "எந்த ஃபிளாட்? யாரைப் பார்க்கணும்?" கையில் இருந்த கருவியில் பெயரைத் தேடினார். இல்லை. வீட்டுக்குப் போன் போட்டு அனுமதி கேட்டார். பெரியவர் கையில் பால் பாக்கெட்டோடு வெயிலில் நின்றார். தன் பிள்ளை வீட்டுக்குப் போகத்தான் அவர் நின்றுகொண்டிருந்தார்.

மகளுக்குச் சுருக்கென்றது. அப்பாவின் பெயரையும் அவர்கள் அந்தப் பட்டியலில் ஏற்றியதே இல்லை. பத்து நாள் இருப்பவர்தானே என்று விட்டுவிட்டார்கள். தினமும் காலையில் நடந்துவிட்டு வரும் அப்பா, தினமும் அந்த வாசலில் 'விருந்தாளி'யாக நின்றிருக்கிறார். வாட்ச்மேன் கை நீட்டிய இடத்தில் அப்பாவுக்குப் பேரேடு இல்லை. ஒரு வார்த்தை புகார் சொல்லாமல், ஊரில் வேலை இருக்கிறது என்று கிளம்பியிருக்கிறார்.

அது ஒன்றுதானா? யோசிக்க யோசிக்க இன்னொன்றும் புரிந்தது. கெர்னலில் மெமரியைச் சேர்ப்பதில் இரண்டு படிகள் உண்டு. சீட்டும் பேரேடும் போட்டுச் சேர்த்துக்கொள்வது முதல் படி. அதை வேலைக்கு எடுத்துக்கொள்வது இரண்டாவது படி. முதல் படியோடு நின்றால், மெமரி இயந்திரத்துக்குள் இருக்கும், பட்டியலில் தெரியும், ஆனால் யாரும் அதைத் தொட மாட்டார்கள். பல இயந்திரங்களில் இரண்டாவது படி தானாக நடக்கும்படி வைத்திருப்பார்கள். அப்படி வைக்காத இடத்தில் ஒருவர் சொல்ல வேண்டும், 'இதை எடுத்துக்கொள்' என்று.

அப்பா வந்தபோது வீட்டில் எல்லோரும் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "நீங்க சும்மா உட்காருங்க." காய் நறுக்க வந்தால் சும்மா உட்காருங்க. பேரனைப் பள்ளி வேனில் ஏற்றப் போனால் ஆள் இருக்கிறது, சும்மா உட்காருங்க. பால் கணக்கு கேட்டால் எல்லாம் ஆன்லைனில் போய்விடும், சும்மா உட்காருங்க. பாசத்தில் சொன்னதுதான். ஆனால் நாற்பது வருடம் ஒரு மண்டியையே தலையில் சுமந்த மனிதரை யாரும் வேலைக்கு எடுத்துக்கொள்ளவே இல்லை.

செஞ்சியிலோ அப்பாவின் நாள் வேறு. காலையில் டீக்கடை பெஞ்ச். கடைக்காரரின் கடன் நோட்டை வாங்கிக் கூட்டிக் கொடுப்பது அவர்தான். எதிர்வீட்டுப் பையனுக்குக் கணக்குப் பாடம். வெள்ளிக்கிழமை கோயில். மாசம் ஒருமுறை பழைய மண்டி ஆட்களோடு பேச்சு. அந்த ஊரின் எத்தனையோ கணக்குகளில் அவர் பெயர் இருக்கிறது.

கெர்னல்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்த உண்மை ஒன்று உண்டு. ஓடும் இயந்திரத்தில் மெமரியைச் சேர்ப்பதைவிட எடுப்பது கஷ்டம். சாதாரண நிரல்கள் பயன்படுத்தும் பக்கங்களை, அவற்றுக்கே தெரியாமல் வேறு இடத்துக்கு மாற்றிவிடலாம். ஆனால் கெர்னலே பயன்படுத்தும் பக்கங்களில் பெரும்பாலானவற்றை நகர்த்த முடியாது. எத்தனையோ இடங்களிலிருந்து அவற்றை நேராகச் சுட்டிக்கொண்டிருப்பார்கள். அப்படி ஒரு பக்கம் நடுவில் இருந்தாலும், அந்த மெமரியை எடுக்கிற முயற்சியை கெர்னல் கைவிட்டுவிடும். பிடுங்காது. பிடுங்கினால் இயந்திரமே விழுந்துவிடும் என்று அதற்குத் தெரியும்.

அப்பா செஞ்சியில் நகராத பக்கம். அதை மகள் அன்று ஒப்புக்கொண்டாள். அதன் பிறகு, "வந்துடுங்கப்பா" என்று சொல்வதை நிறுத்தினாள்.

அதற்குப் பதிலாகச் சில சின்ன வேலைகள் செய்தாள். அடுக்குமாடி அலுவலகத்தில் போய், குடியிருப்போர் பட்டியலில் அப்பாவின் பெயரையும் போட்டோவையும் ஏற்றச் சொன்னாள்.

"சார் இங்க இருக்காரா மேடம்?"

"இல்ல. ஊர்ல இருக்கார்."

"எப்ப வர்றார்?"

"தெரியாது. பேரை மட்டும் ஏத்திடுங்க."

பக்கத்துத் தெரு டாக்டரிடம் அப்பாவின் சர்க்கரை, பிரஷர் விவரங்களைக் கொடுத்து ஒரு கோப்பு திறந்து வைத்தாள். காலி அறையில் இருந்த டிவியை எடுத்துவிட்டு, ஜன்னல் பக்கம் ஒரு மேசை போட்டாள். மேசைமேல் நீளமான கணக்கு நோட்டு ஒன்று, செஞ்சிக் கடைவீதியில் வாங்கியது. வீட்டின் பால், காய்கறி, கரண்ட், பள்ளிக்கட்டணம் எல்லாவற்றின் ரசீதுகளையும் ஒரு டப்பாவில் போட்டுப் பக்கத்தில் வைத்தாள். மருமகன் பார்த்துவிட்டு, "வராத ஆளுக்கு எதுக்கு இவ்வளவு?" என்று சிரித்தார்.

"பெரிய செலவு இல்ல" என்றாள் மகள்.

மூன்று வருடம் அந்த நோட்டு காலியாகவே இருந்தது. ரசீது டப்பா நிரம்பியதும் இன்னொரு டப்பா வந்தது.

2025 ஜூலையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்ந்தது. மராத்தியர்களின் ராணுவக் கோட்டைகள் என்று பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்ததில், பதினொன்று மகாராஷ்டிரத்தில், ஒன்று மட்டும் தமிழ்நாட்டில். 1677ல் சிவாஜி பிடித்த கோட்டை. 1690ல் முகலாயப் படை வந்து சுற்றிக்கொண்ட பிறகும், விட்டு விட்டு நடந்த முற்றுகையில் 1698 வரை தாக்குப்பிடித்த கோட்டை. அப்பா போன் போட்டார். மகிழ்ச்சியில் குரல் உயர்ந்திருந்தது.

"எட்டு வருஷம் எப்படித் தாங்குனாங்கன்னு நினைக்கிற? மதில் மட்டுமா? களஞ்சியம்! சண்டை வர்றதுக்கு முன்னாடியே கட்டி வச்சாங்க."

"ஆமாப்பா."

கொஞ்ச நேரம் பேச்சு இல்லை. பிறகு, "உங்க ஊருக்குக் காலையில எத்தனை மணிக்கு பஸ்ஸும்மா?" என்றார்.

அந்த ஆகஸ்டில், ஒரு சனிக்கிழமை மாலை, அப்பா தனியாக வந்து இறங்கினார். மகள் பஸ் நிலையத்துக்கு வருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டார். வாசலில் ஆட்டோவிலிருந்து இறங்கியதும், பழக்கத்தில், சட்டைப்பையிலிருந்து மகளின் ஃபிளாட் எண் எழுதிய சீட்டை எடுத்தார். வாட்ச்மேன் கருவியைப் பார்த்தார், அப்பாவின் முகத்தைப் பார்த்தார். "மேல போங்க சார்" என்று கதவைத் திறந்தார். அப்பா சீட்டை நீட்டிய கையோடு ஒரு நிமிடம் நின்றாராம். இதை வாட்ச்மேன்தான் பிறகு மகளிடம் சொன்னார்.

மறுநாள் காலை, டிபன் முடிந்ததும், அப்பா அந்த மேசையில் உட்கார்ந்தார். டப்பாக்களைக் கவிழ்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். சாயங்காலத்துக்குள் ஏழு இடங்களில் பால்காரர் இரண்டு தடவை காசு வாங்கியிருப்பதைக் கண்டுபிடித்துவிட்டார். "ஆன்லைன்ல எல்லாம் சரியா போயிடும்னியே?" என்று மருமகனைக் கேட்டார். மருமகனிடம் பதில் இல்லை. பேரன் தாத்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

இருபத்து மூன்று நாள் இருந்தார். பிறகு, ஊரில் வேலை இருக்கிறது என்று கிளம்பினார். இந்தமுறை மகள் அதை நம்பினாள்.

அவர் போன பிறகு நோட்டைப் பிரித்துப் பார்த்தாள். மணி மணியான கையெழுத்து. முதல் பக்கத்தின் தலையில், 2022ம் வருடத் தேதி போட்டு, 'ஆரம்ப இருப்பு: இல்லை' என்று எழுதியிருந்தார். கடைசியாக எழுதிய பக்கத்தில் கூட்டல் போட்டு, அடிக்கோடு இழுக்காமல் விட்டிருந்தார். கணக்கு முடிந்தால்தான் இரட்டைக்கோடு இழுப்பது அவர் வழக்கம்.

போன் போட்டு, "அப்பா, கோடு போட மறந்துட்டீங்களா?" என்றாள்.

"மறக்கலம்மா. அடுத்த பக்கம் இருக்கு இல்ல" என்றார் அப்பா.